அந்த ஃபைலைத் திற!

உன் புராஜெக்ட்டின் வாசலிலேயே ஒரு ஃபைல் கிடக்கிறது. பேபல் கான்ஃபிக். இருபது முப்பது வரிதான் இருக்கும். அதை மேலிருந்து கீழ்வரை படித்தவர்கள் உன் டீமில் எத்தனை பேர்? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ உன்னிடம் சொல்லியிருப்பார்கள்: "அதுல மட்டும் கை வைக்காத. ஓடிட்டு இருக்கு, ஓடட்டும்." நீயும் தலையாட்டியிருப்பாய். அடுத்த புராஜெக்ட் வந்தபோது அதே ஃபைலைக் காப்பி எடுத்து ஒட்டியிருப்பாய். உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் ஒட்டினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான்.

தம்பி, தங்கையே, அந்தத் தலையாட்டலை இன்றோடு நிறுத்து.

நானும் ஒரு வருடம் தலையாட்டியவன். முதல் வேலையில் எங்கள் டீமுக்கு ஒரு பொது லைப்ரரி இருந்தது. பட்டன், தேதிப் பெட்டி, அட்டவணை என்று சின்னச் சின்னப் பாகங்கள். நான்கு அப்ளிகேஷன்கள் அதை எடுத்துப் பயன்படுத்தின. ஒரு திங்கட்கிழமை காலை, வாடிக்கையாளர் அலுவலகத்தில் அப்ளிகேஷனைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. அங்கே இருந்தது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11. எங்கள் கம்ப்யூட்டர்களில் எல்லாம் குரோம், ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கண்டுபிடித்தோம். லைப்ரரியில் புதிதாக எழுதிய ஒரு ஆரோ ஃபங்ஷன் பழைய வடிவத்துக்கு மாறாமலே வெளியே போயிருந்தது.

அப்ளிகேஷன் பக்கத்திலும் பேபல் இருந்ததே, அது ஏன் பிடிக்கவில்லை? நோட் மாட்யூல்ஸுக்குள் இருப்பதைத் தொடாதே என்று அங்கே ஒரு வரி. பில்ட் வேகமாக முடிய வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான புராஜெக்ட்களில் அந்த வரி இருக்கும். லைப்ரரி மாற்றிக்கொடுத்திருக்கும் என்று அப்ளிகேஷன் நம்பியது. அப்ளிகேஷன் மாற்றிக்கொள்ளும் என்று லைப்ரரி நம்பியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு அம்புக்குறி நழுவிப் போய் ஒரு அலுவலகத்தின் வேலையை நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர் போனில் கேட்ட கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. ஏனென்றால் கான்ஃபிக்கை யாருமே படித்திருக்கவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு வருடமாகப் பயந்த பொருள் ஒன்றரை மணி நேரத்தில் புரிந்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா! இதற்காகவா இத்தனை நாள் ஒதுங்கி நின்றேன்! அந்தக் கோபத்தை உனக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிரீசெட் என்றால் என்னவென்று கேட்டுக்கொள். அது ஒரு ஃபங்ஷன். கூப்பிட்டால் ஒரு ஆப்ஜெக்ட்டைத் திருப்பிக் கொடுக்கும், அதற்குள் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில், கோடை மாற்றும் பிளகின்களின் பெயர்கள், அவற்றுக்கான விருப்பங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். நீ தினமும் எழுதும் ஃபங்ஷன் போலவே ஒரு ஃபங்ஷன், நீ தினமும் எழுதும் ஆப்ஜெக்ட் போலவே ஒரு ஆப்ஜெக்ட். மேதைகள் மட்டும் நுழையும் கருவறை என்று அதை நினைக்க வைத்தது யார்? காப்பி அடிப்பதுதான் பணிவு, கேள்வி கேட்பது திமிர் என்று யாரோ நமக்குள் விதைத்துவிட்டார்கள். அந்த விதையைப் பிடுங்கி எறி.

பேபல் என்ற இந்தக் கம்பைலர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரிய நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வரவில்லை. செபாஸ்டியன் மெக்கென்ஸி என்ற ஆஸ்திரேலியப் பையன் 2014-ல் தொடங்கியது. அப்போது அவனுக்கு 17 வயது. முதலில் வைத்த பெயர் சிக்ஸ் டு ஃபைவ். ஈஎஸ்6-ல் எழுதியதை ஈஎஸ்5-க்கு மாற்றும் வேலை, அதையே பெயராக வைத்துவிட்டான். ஈஎஸ்6 அதிகாரபூர்வமான தரமாக வெளிவந்ததோ 2015 ஜூனில்தான். தரம் வெளிவரும்வரை அவன் காத்திருக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 2015 பிப்ரவரியில் அது பேபல் என்று பெயர் மாறியது. பள்ளிப் பருவத்துப் பையன் ஒருவனால் கம்பைலரையே எழுத முடிந்திருக்கிறது. பட்டம் வாங்கி, சம்பளம் வாங்கி, தினமும் எட்டு மணி நேரம் ஜாவாஸ்கிரிப்ட்டோடு புழங்கும் நீ, அந்தக் கம்பைலருக்கு ஒரு பட்டியல் எழுதிக்கொடுக்கத் தயங்குகிறாயா?

பிரீசெட் பிறந்த கதையும் தெரிந்துகொள். 2015 அக்டோபரில் பேபல் 6 வந்தபோது எல்லா மாற்றங்களையும் தனித்தனிப் பிளகின்களாக உடைத்துவிட்டார்கள். நிறுவி ஓட்டினால் பேபல் தானாக ஒன்றும் செய்யாது, போட்ட கோட் போட்டபடியே வெளியே வரும். டஜன் கணக்கான பிளகின்களை ஒவ்வொருவரும் தேடி எழுதுவதா? அதற்காகத்தான் மூட்டையாகக் கட்டிய பிரீசெட்கள். முதலில் ஆண்டுக்கு ஒன்று என்று வந்தன. 2015-க்கு ஒன்று, 2016-க்கு ஒன்று, 2017-க்கு ஒன்று. 2018 ஆகஸ்டில் பேபல் 7 வந்தபோது அந்த ஆண்டுவாரி மூட்டைகளைக் கைவிடச் சொல்லி, பிரீசெட்-என்வ் என்ற ஒன்றையே எல்லோரும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இதைக் கட்டியவர்களே கட்டிப் பார்த்து, பிரித்து, மறுபடி கட்டியிருக்கிறார்கள். முதல் தடவையே சரியாக வர வேண்டும் என்ற நிபந்தனையை உனக்கு மட்டும் யார் போட்டது?

கல்யாண சமையல் மாஸ்டரிடம் போய்ச் சாமான் பட்டியல் கேட்டுப் பார். பேனாவை எடுப்பதற்கு முன் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இலை?" அதற்குப் பதில் தெரியாமல் அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை. பிரீசெட்-என்வும் உன்னிடம் அதையேதான் கேட்கிறது. டார்கெட்ஸ் என்ற அந்த ஒரு வரி. உன் லைப்ரரி எந்தெந்த பிரவுசரில், நோடின் எந்தப் பதிப்பில் ஓட வேண்டும்? பேபல் 7-ல் இதற்குப் பதில் எழுதாமல் விட்டால், யார் வந்தாலும் சமாளிப்போம் என்று அது எல்லாவற்றையும் ஈஎஸ்5 வரை இறக்கிவிடும். கிளாஸ் எல்லாம் பழைய ஃபங்ஷனாகும். அசிங்க் ஃபங்ஷன் ஒவ்வொன்றும் நீண்டு கிடக்கும் ஒரு ஸ்டேட் மெஷினாகும். தேவையில்லாத அந்தச் சுமையை, உன் லைப்ரரியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் போனும் இறக்கிக்கொள்ளும். மலிவான போன், மெதுவான நெட்வொர்க், மாதக் கடைசியில் மிச்சமிருக்கும் கொஞ்சம் டேட்டா. டார்கெட்ஸ் வரியை எழுதும்போது அந்த மனிதர்கள் உன் கண்முன் வர வேண்டும்.

பிரீசெட்-என்வில் டீபக் என்ற விருப்பத்தை ட்ரூ என்று மாற்றி பில்டை ஒருமுறை ஓட்டிப் பார். எந்த பிரவுசருக்காக எந்தப் பிளகின் வேலை செய்கிறது என்று பேபலே டெர்மினலில் பெயர் பெயராகச் சொல்லும். அந்தப் பட்டியலை வரிவரியாகப் படி. ஒரு பெயர் புரியவில்லையா, அதன் விளக்கப் பக்கத்தைத் திற. இங்கிலீஷ் என்று மிரளாதே. தமிழ் வழியில் படித்து வந்தவர்களும் அங்கே தடுமாற வேண்டியதில்லை, ஏனென்றால் அந்தப் பக்கங்களில் உதாரணங்கள் நிறைய. உள்ளே போகும் கோட் மேலே, வெளியே வரும் கோட் கீழே. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இலக்கணம் தேவையில்லை, கண் இருந்தால் போதும். அது உனக்கு இருக்கிறது.

இனி சொல்லப்போவதை மெதுவாகப் படி. அப்ளிகேஷன் கட்டுவதற்கும் லைப்ரரி கட்டுவதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இதை அறியாமல் காப்பி அடித்தவர்கள்தான் அதிகம் அடிபட்டிருக்கிறார்கள்.

அப்ளிகேஷன் சொந்த வீடு. லைப்ரரி அடுத்தவர் வீட்டுக்கு விருந்து போகிறது. சொந்த வீட்டில் அடுப்பை இடம் மாற்றலாம், சுவரை இடித்துக் கட்டலாம். விருந்துக்குப் போன இடத்தில் அதைச் செய்யலாமா? பேபல் 7-ன் பிரீசெட்-என்வில் யூஸ் பில்ட்-இன்ஸ் என்ற விருப்பத்துக்கு யூசேஜ் என்று மதிப்புக் கொடுத்தால், நீ பயன்படுத்திய புதிய வசதிகளுக்கெல்லாம் கோர்-ஜேஎஸ் என்ற தொகுப்பிலிருந்து, பழைய பிரவுசரில் இல்லாததை ஈடுகட்டும் பாலிஃபில்லை பேபல் இழுத்துவந்து குளோபலில் ஏற்றும். பிராமிஸ், அரேயின் இன்க்ளூட்ஸ் எல்லாம் பக்கம் முழுவதற்குமான பொருள்கள். அப்ளிகேஷனில் இது அருமையான வசதி. அதே வரி லைப்ரரியின் கான்ஃபிக்கில் இருந்தால், உன்னை அழைத்தவர் வீட்டின் அடுப்பங்கரையை அவரைக் கேட்காமலே நீ மாற்றி வைக்கிறாய். அவரிடம் கோர்-ஜேஎஸ் 3 இருக்கிறது, நீ 2-ஐக் கொண்டுபோகிறாய் என்றால், இரண்டும் அவர் தலையில்.

ஆகவே லைப்ரரிக்கான பிரீசெட்டில் யூஸ் பில்ட்-இன்ஸுக்கு ஃபால்ஸ் என்று துணிந்து எழுது. பாலிஃபில் வேண்டுமா, வேண்டாமா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும். எது எது தேவைப்படும் என்பதை ரீட்மீயில் நேர்மையாகச் சொல்லிவிடு. கட்டாயம் உன்னோடே வர வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. டிரான்ஸ்ஃபார்ம்-ரன்டைம் பிளகினில் கோர்ஜேஎஸ் விருப்பத்துக்கு 3 என்று கொடு. குளோபலைத் தொடாமல், உன் கோடுக்குள் மட்டும் புழங்கும் தனிப் பிரதியை அது எடுத்துக்கொள்ளும். விருந்துக்குப் போகும்போது சொந்தச் செம்பில் தண்ணீர் கொண்டுபோவது போல.

அந்தப் பிளகினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிளாஸ் எழுதினால் பேபல் அதைச் சரிபார்க்கச் சின்ன உதவி ஃபங்ஷன்களை ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் ஒட்டும். உன் லைப்ரரியில் எண்பது ஃபைல் இருந்தால் அதே ஃபங்ஷன் எண்பது முறை. ஒரே தெருவில் எண்பது வீட்டுக்கும் எண்பது கிணறு. டிரான்ஸ்ஃபார்ம்-ரன்டைம் அந்த எண்பதையும் மூடிவிட்டு, பேபல் ரன்டைம் என்ற ஒரே கிணற்றுக்கு எல்லோரையும் அனுப்புகிறது. அப்படியானால் அந்த ரன்டைம் பேக்கேஜ் உன் லைப்ரரியின் டிபென்டென்சிகளில் இருந்தே ஆக வேண்டும். டெவ் டிபென்டென்சியில் போட்டுவிட்டால் உன் கம்ப்யூட்டரில் ஓடும், அடுத்தவர் கம்ப்யூட்டரில் மாட்யூல் கிடைக்கவில்லை என்று விழும். வெர்ஷன் விருப்பத்தில் நீ வைத்திருக்கும் ரன்டைமின் பதிப்பையும் எழுது. எழுதாவிட்டால் 7.0.0 இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். பிறகு வந்த உதவி ஃபங்ஷன்கள் மறுபடியும் ஃபைலுக்கு ஃபைல் ஒட்டப்படும்.

மறுபடி பிரீசெட்-என்வுக்கு வா. அதில் மாட்யூல்ஸ் என்று ஒரு விருப்பம். அதை ஆட்டோ என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். வெப்பேக் போன்ற பண்ட்லர் வழியாக பேபல் ஓடும்போது, இம்போர்ட்-எக்ஸ்போர்ட் எனக்கே புரியும், தொடாதே என்று பண்ட்லர் தகவல் கொடுக்கும். பேபலின் கமாண்ட் லைனில் நேரடியாக ஓட்டினால் அப்படிச் சொல்ல ஆளில்லை, எல்லாம் காமன்ஜேஎஸ் என்ற பழைய மாட்யூல் வடிவமாகிவிடும். பல லைப்ரரிகள் இந்த இரண்டாவது வழியில் கட்டப்படுகின்றன. விளைவு? ஒரே ஒரு பட்டனுக்காக உன் லைப்ரரியைச் சேர்த்தவரின் பண்டிலில் அட்டவணையும் தேதிப் பெட்டியும் சேர்ந்தே ஏறும். பயன்படாததை உதிர்க்கும் ட்ரீ ஷேக்கிங்குக்கு இம்போர்ட்-எக்ஸ்போர்ட் அப்படியே இருந்தாக வேண்டும். எனவே இரண்டு பில்ட் வை. மாட்யூல்ஸுக்கு ஃபால்ஸ் கொடுத்து ஒன்று, காமன்ஜேஎஸ் கொடுத்து ஒன்று. எது யாருக்கு என்பதை பேக்கேஜ் ஜேசனின் எக்ஸ்போர்ட்ஸ் பகுதியில் சொல்.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. பிளகின்கள் பிரீசெட்களுக்கு முன்னால் ஓடும், மேலிருந்து கீழாக. பிரீசெட்கள் கீழிருந்து மேலாக. பழைய பயனர்களின் பட்டியல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே பெரும்பாலும் இப்படி வைத்ததாகப் பேபலின் ஆவணமே சொல்கிறது.

பிரீசெட்டை ஒரு டீமே பகிர்ந்துகொள்ளப் போகிறது என்றால் அதையும் தனி பேக்கேஜாக்கு. அது கூப்பிடும் பிளகின்கள் அதன் டிபென்டென்சிகளில். பேபல் கோர் மட்டும் பியர் டிபென்டென்சியில், ஏனென்றால் கம்பைலர் புராஜெக்ட்டுக்குச் சொந்தம்.

கட்டி முடித்ததும் சோதனை. இங்கே நான் கண்டிப்பானவன். என்பிஎம் லிங்க் போட்டுப் பார்த்துவிட்டு ஓடுகிறது என்று சொல்லாதே. லிங்க் உன் கோப்புறையையே அங்கே காட்டுகிறது, உன் டெவ் டிபென்டென்சிகளும் கூடவே நிழலாக வந்து குறைகளை மறைத்துவிடும். என்பிஎம் பேக் போடு. நாளை உலகத்துக்குப் போகப்போகும் அதே பொட்டலம் ஒரு ஃபைலாகக் கையில் கிடைக்கும். வேறெங்கோ ஒரு காலிக் கோப்புறையை உண்டாக்கி அதை அங்கே நிறுவு, இம்போர்ட் செய், ஓட்டு. உன் வீட்டுப் பாதுகாப்பு எதுவும் இல்லாத இடத்தில் உன் லைப்ரரி நிற்கிறதா பார். முதல் முறை எனக்கு மூன்று எரர் வந்தது. மூன்றும் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் என் மேஜையிலேயே செத்தன.

நான் சாதாரண ஆள், சின்ன வேலை, நான் எழுதும் பத்து வரியில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறாயா? 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற குட்டி பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். எழுத்துக்கு முன்னால் இடைவெளி நிரப்பும் வேலை, 11 வரிதான். உலகமெங்கும் பில்ட்கள் அடுத்தடுத்து விழுந்தன. பேபலும் அதில் ஒன்று, அதன் டிபென்டென்சிச் சங்கிலியின் ஆழத்தில் அந்த 11 வரி இருந்தது. என்பிஎம் நிர்வாகமே தலையிட்டு அதைத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. பலர் இதைப் பயமுறுத்தும் கதையாகச் சொல்வார்கள். நான் உன் தோளைத் தட்டிச் சொல்கிறேன்: பதினொரு வரிக்கு அவ்வளவு எடை இருந்தது. நீ எழுதும் வரிக்கும் எடை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து எழுது.

அந்த வெள்ளைத் திரைக்குப் பிறகு எங்கள் டீமுக்கு ஒரு பிரீசெட் எழுதினேன். லீடிடம் காட்டும்போது கை நடுங்கியது. அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, "இது எதுக்கு?" என்றார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. அரை மணி நேரத்தில் அவர் தலையாட்டினார். நான்கு அப்ளிகேஷன்களின் கீழே என் 1.0.0 போய் உட்கார்ந்தது.

சில வருடம் கழித்துப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். இரண்டாவது வாரமே என் மேஜைக்கு வந்து நின்றாள். "அண்ணா, டார்கெட்ஸ்ல இன்னும் ஐஈ 11 இருக்கே, யாருக்காக?" மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-லேயே விண்டோஸ் 10-ல் அதற்கு ஓய்வு கொடுத்திருந்தது. எங்கள் வாடிக்கையாளரும் எப்போதோ மாறியிருந்தார். அந்த வரியை நான் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. என் ஃபைலும் யாரும் தொடாத ஃபைலாக மாறிக்கொண்டிருந்தது. "நீயே மாத்திடு" என்றேன். அவள் தயங்கவில்லை. டீபக்கை ஓட்டி, முன்னால் எத்தனை பிளகின், பின்னால் எத்தனை பிளகின் என்று இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினாள். ஒரு பிரவுசரைக் கைவிடுவது பயன்படுத்துபவர்களைப் பாதிக்கும் மாற்றம் என்பதால் பதிப்பு எண்ணை 2.0.0 என்று ஏற்றியிருந்தாள். காரணத்தையும் கீழே இரண்டு வரியில் தெளிவாக எழுதியிருந்தாள். நான் அப்ரூவ் பட்டனை அழுத்தினேன்.